பந்தைத் தொடாத ஆட்டக்காரர்

அன்புள்ள மகனுக்கு,

உன் கலியாண விருந்தில் பேசப்போகிறவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உன் டெனிஷ் சிநேகிதன் போன கிழமை எனக்குப் போன் எடுத்தான். மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பி நின்று பேசாமல் இந்த நாட்டில் ஒரு கலியாணமும் நிறைவேறாதாம். "ஏழு நிமிஷம் தாறன், காணுமோ?" என்று கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டேன். பிறகு மேசையில் இருந்து எழுதிப் பார்த்தால் ஏழு நிமிடத்தில் நான் உன்னுடைய பத்தாவது வயதைக்கூடத் தாண்டவில்லை. அதோடு, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொல்லக்கூடாத விஷயங்களும் இருக்கின்றன. அதனால் அங்கே நாலு பகிடி சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். மிச்சத்தை இதில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். ஆரணி ரண்டர்ஸில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காய்ப் போன பிள்ளை. அவளை வாசித்துக் காட்டச் சொல். உன்னைக் கட்டப்போகிறவள், அவளும் இதை அறியத்தான் வேண்டும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உனக்குப் பன்னிரண்டு வயது. வைலேயில் ஒரு பிறந்தநாள் விழா. அந்த வருடம் நீ திடீரென்று வளர்ந்து, உயரத்திலும் பருமனிலும் என்னை எட்டிப் பிடித்துவிட்டாய். நீ இரண்டாவது தரம் சோறு போட்டுக்கொண்டு வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், "என்ன அண்ணை, பெடியன் ரெண்டு பேற்றை சாப்பாட்டைச் சாப்பிடுறான் போலை" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழும்பி, உன் கையில் இருந்த சோற்றுக் கோப்பையை வாங்கி, "இவனுக்கு இனிக் காணும்" என்றேன். கோப்பை போனபிறகும் உன் கை கொஞ்ச நேரம் அப்படியே ஏந்தினபடி நின்றது. பிறகு நீ போய்க் காருக்குள் இருந்துவிட்டாய். உன் உடம்பு நல்லாய் இருக்கவேண்டும் என்றுதான் செய்தேன் என்று அன்று அம்மாவோடு வாதாடினேன். அது பொய். எனக்கு வெட்கமாய் இருந்தது. அதுதான் உண்மை.

பதினாறு வயதில் நீ ஒரு கடதாசியைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாய். வைலேயில் அமெரிக்கன் புட்போல் கிளப் ஒன்றில் சேரப்போகிறாய் என்றாய். நான் கேட்டேன், "நீ எத்தினை கோல் அடிப்பாய்?" நீ டெனிஷில் பொறுமையாய் விளங்கப்படுத்தினாய். பந்தை எறிகிறவன் பின்னால் நிற்பான். அவனுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாய் நிற்பார்கள். எதிர்ப்பக்கத்துக்காரர் பாய்ந்து வந்து அவனை விழுத்தாமல் அந்த ஐந்து பேரும் தடுக்கவேண்டும். அவர்களுக்குப் பெயர் லைன்மன். நீ அதில் ஒருவன். "பந்து எப்ப உன்ரை கைக்கு வரும்?" என்றேன். "வராது அப்பா, நாங்கள் பந்தைத் தொடுறதில்லை" என்றாய். "தொடாமல் என்ன விளையாட்டு? நீ என்ன, மதிலோ?" என்று கேட்டுவிட்டுக் கடதாசியைத் தள்ளிவிட்டேன். அம்மாதான் கையெழுத்து வைத்தா. நாங்கள் இருந்த கிரின்ஸ்டெட்டில் இருந்து வைலேக்கு அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கிழமைக்கு இரண்டு தரம் உன்னை ஏற்றிக்கொண்டு போய், மழைக்குள் காரில் இருந்து தன் வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு, திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தா. சனம் கேட்டால் நான், "மகன் புட்போல் விளையாடுறான்" என்பேன். அவர்கள் காலால் அடிக்கிற மற்றப் புட்போல் என்று நினைப்பார்கள். நானும் திருத்தமாட்டேன்.

பத்தொன்பதாவது வயதில் உன் முழங்கால் போனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒரு வகையிலை நல்லதாப் போச்சு. இனி விட்டிடுவாய்." நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாய். நீ விடவில்லை. கால் சுகமான கையோடு வீட்டைத்தான் விட்டாய். வைலேயில் ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டு போனாய். அம்மாவோடு கதைப்பாய். நான் பின்னால் நின்று, "சுகமாமோ?" என்று அம்மாவிடம் கேட்பேன். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியது.

அந்தக் காலத்தில்தான் நான் தொழிற்சாலையை விட்டு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னுடைய பகுதியில் இங்கர் என்று எண்பதைத் தொடுகிற ஒரு மனுசி இருந்தா. கலியாணம் கட்டவில்லை, பிள்ளைகளும் இல்லை. கால் இரண்டும் வீங்கும். காலையில் வீக்கத்துக்குப் போடுகிற அந்த இறுக்கமான மேஸை, அதுதான் நீளக் காலுறையை, நான்தான் போட்டுவிடுவேன். ஒவ்வொரு காலுக்கும் ஐந்து நிமிடம் எடுக்கும். அதுக்குள் கதை போகும். உனக்கு இங்கரைத் தெரியும், ஆனால் அவ எனக்குச் சொன்ன கதை முழுவதையும் நான் உனக்குச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தின் பெரும்பகுதி அதுக்காகத்தான்.

அவவின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு பழைய படம். தோல் தொப்பி போட்ட ஏழெட்டு ஆட்கள் தோளோடு தோள் ஒட்டிக் குனிந்து நிற்கிறார்கள். யுத்தகால விமான ஓட்டிகள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். "அது என்ரை அப்பா. இடப்பக்கத்திலை இருந்து ரெண்டாவது ஆள். புட்போல் விளையாடினவர், அமெரிக்காவிலை" என்றா. மரியாதைக்கு நானும், "என்ரை மகனும் அதுதான் விளையாடுறவன்" என்றேன். "எந்த இடத்திலை?" என்று கேட்டா. எனக்குத் தெரியாது, மகன். நாலு வருடமாய் அந்த ஐந்து பேரில் என் பிள்ளை நிற்கிற இடம் எதென்று எனக்குத் தெரியாது. அம்மா அனுப்பின ஒரு படம் போனில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். இங்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தா. "இடப்பக்க கார்ட், நடுவிலை நிக்கிறவனுக்கு இடப்பக்கத்து ஆள்" என்றா. "அப்பா நிண்ட அதே இடம்." என் மகனின் படத்தை ஒருவர் அவ்வளவு மதிப்போடு பார்த்ததை நான் அதுக்கு முன்னம் கண்டதில்லை.

அவவின் தகப்பனுடைய பெயர் ஆக்செல். ஆக்செலின் தாயும் தகப்பனும் கிரின்ஸ்டெட் பக்கத்துப் புல்வெளியில் ஒன்றும் விளையாத ஒரு துண்டுக் காணியை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினவர்கள். நெப்ராஸ்காவில் நிலம் பிடித்துக் கமம் செய்தார்கள். ஆக்செல் அங்கே பிறந்தவர். எட்டு வயதில் காய்ச்சல் வந்து இடக்காது முற்றாய்ச் செத்துப்போனது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் திரும்பமாட்டார், மந்தம் என்று பேர் எடுத்தார். ஆனால் ஆள் வளர்ந்த வளர்த்திக்கு ஒரு மாட்டைத் தோளால் தள்ளிப் பட்டிக்குள் விடுவாராம். அங்கே ஒரு பயிற்சியாளர் அவரைப் பிடித்து லைனில் விட்டார். வலக்காது நடுவில் நிற்கிறவன் பக்கம் இருக்கும்படி இடப்பக்கத்தில் நிறுத்தினார். அப்போதுதான் பின்னால் இருந்து கொடுக்கிற குரல் கேட்கும். ஊரிலே மந்தம் என்று சொன்ன பெடியன் ஒரு குரலையும் தவறவிட்டதில்லையாம்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ஆக்செல் மூன்று இடத்தில் போய்ப் பட்டாளத்தில் சேரப் பார்த்தார். மூன்று இடத்திலும் காதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய தம்பி சேர்ந்து கடல் கடந்து போனார். அந்த நேரம் பெரிய புட்போல் குழுக்களில் ஆட்கள் எல்லாரும் யுத்தத்துக்குப் போய், விளையாட ஆள் இல்லாமல் தவித்தார்கள். பட்டாளம் வேண்டாம் என்று சொன்னவர்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். ஒரு கண் தெரியாதவர், வயிற்றுப் புண்காரர், வயது போனவர். அப்படித்தான் ஆக்செலுக்கும் ஒரு தந்தி வந்தது. ஒரு பெட்டியோடு ரயில் ஏறினார். பகல் முழுக்க ஒரு தொழிற்சாலையில் விமான இறக்கைக்கு ஆணி அடிப்பார். பின்னேரம் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஆள் குறைவென்றபடியால் தாக்குகிறபோதும் தடுக்கிறபோதும் அவரேதான் நிற்கவேண்டும். முகத்துக்கு முன்னால் கம்பி இல்லை, வெறும் தோல் தொப்பி. மூக்கு மூன்று தரம் உடைந்தது. "அப்பாவின்ரை மூக்கு ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு திசையைப் பாக்கும்" என்று இங்கர் சிரிப்பா. அத்தனை ஆட்டத்திலும் பந்து அவரிடம் ஒரேயொரு தரம்தான் வந்ததாம். யாரோ கைதவறவிட்டு, அது உருண்டு அவருடைய வயிற்றுக்கடியில் போய்விட்டது. மேலே ஆறு பேர் விழுந்து கிடந்தார்கள். நடுவர் ஒவ்வொருவராய் இழுத்தெடுத்துக் கடைசியில் இவரையும் புரட்டினபோதுதான் பந்து தன்னிடம் இருக்கிறதென்று அவருக்கே தெரியும்.

ஒருநாள் இங்கர் சொன்ன விஷயத்தைக் கேட்டு நான் மேஸைப் பாதியில் விட்டுவிட்டு இருந்துவிட்டேன். ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் சிலர் ஆக்செலைப் பார்த்துக் கத்துவார்களாம், "இவ்வளவு பெரிய ஆம்பிளை, உனக்கு இஞ்சை என்ன வேலை?" என்று. அதை அவர் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் ட்ராமில் ஒரு தாய் அவருக்கு முன்னால் வந்து நின்றா. அவவின் மகன் யுத்தத்தில் செத்து ஒரு மாதம். "நீ அந்த விளையாட்டுக்காரன்தானே. உன்ரை உடம்பிலை என்ன குறை?" என்று கேட்டா. ஆக்செல் தன் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த தரிப்பில் இறங்கி, மிச்சத் தூரம் முழுவதையும் நடந்து போனார். அதைப் பெண்சாதிக்கு மட்டும் சொன்னார். அவ பிற்காலத்தில் மகளுக்குச் சொன்னா.

மகன், நான் இந்த நாட்டுக்கு வந்தது இருபத்திரண்டு வயதில். அங்கே ஊரில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வந்த அடுத்த வருடம், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிவா ஷெல் விழுந்து செத்துப்போனான். கேள்விப்பட்டு அவனுடைய தாய்க்கு எப்படியோ தொடர்பு எடுத்தேன். அழுவா என்று நினைத்தேன். அவ அழவில்லை. "நீ அங்கை இருக்கிறாய், என்ன மகன்" என்றா. அவ்வளவுதான். அதில் ஏச்சு இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். இதை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. எங்கேயோ பிறந்த ஒரு டெனிஷ்காரர் ட்ராமில் இருந்து இறங்கி நடந்தார் என்று கேட்டபோது, நானும் அவரோடு கூட நடந்தமாதிரி இருந்தது. இங்கர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மற்றக் காலை நாளைக்குப் போடுவம்" என்றா. பிறகு, "இல்லை, போட்டுவிடும், குளிருது" என்றா. இரண்டு பேரும் சிரித்தோம்.

யுத்தம் முடிந்தது. ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஆக்செல் நின்ற இடத்தில் முன்னம் நின்றவர் ஃபிராங்க் என்று ஒருவர். எதிரியின் சிறை முகாமில் கிடந்து வந்தவர். பாதி ஆள்தான் வந்தார். பழைய சட்டை கொடியில் காயப்போட்டதுபோலத் தொங்கியதாம். பயிற்சியாளர் இரண்டு பேரையும் பார்த்தார். யாரை வைத்திருப்பது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆக்செல் போய் அவரிடம், "எனக்கு அஞ்சு கிழமை தாருங்கோ, நான் இவரோடை நிக்கிறன்" என்று கேட்டார். ஒவ்வொரு நாள் விடியவும் மற்றவர்கள் வர முன்னம் இரண்டு பேரும் எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். ஆக்செல் பாய்ந்து இடிப்பார். ஃபிராங்க் விழுவார். கை கொடுத்துத் தூக்குவார். திரும்ப இடிப்பார். முதல் நாள் மெதுவாய் இடித்தபோது ஃபிராங்குக்குக் கோபம் வந்துவிட்டது. "பாவம் பாத்து அடிக்கிறதெண்டால் வீட்டை போ" என்றார். அதுக்குப் பிறகு ஆக்செல் பாவம் பார்க்கவில்லை. மூன்றாம் கிழமை ஃபிராங்க் விழாமல் நின்றார். ஐந்தாம் கிழமை ஆக்செல் பின்னுக்குப் போனார்.

அந்த நாட்களில் ஆக்செலின் பெண்சாதி கேட்டாவாம், "அவன் எழும்பினால் நீங்கள் வீட்டை வரவேணும். அது விளங்குதோ உங்களுக்கு?" ஆக்செல் சொன்னார், "அது அவன்ரை இடம். அவன் வருமட்டும் நான் பாத்துக்கொண்டு நிண்டனான்." பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முதல்நாள் பயிற்சியாளர் அவரைக் கூப்பிட்டுக் கைகொடுத்து அனுப்பிவிட்டார். ரயில் அடுத்தநாள் மத்தியானம். ஆனால் அவர் அதில் ஏறவில்லை. மக்களோடு மக்களாய் மேல் வாங்கில் போய் இருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தார். பந்து எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. முழு நேரமும் ஃபிராங்கையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பிறகு ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்தார். பெண்சாதி டென்மார்க்கில் பிறந்தவ. தாய்க்குச் சுகமில்லை, திரும்பிப் போவோம் என்று ஒரு கட்டத்தில் கேட்டா. இங்கருக்கு அப்போது பத்து வயது. வைலேக்கு வந்தார்கள். அந்த விளையாட்டைக் கேள்விப்படாத நாடு. ஆக்செல் ஒரு நூல் ஆலையில் இயந்திரம் திருத்துகிறவராய் இருந்து ஓய்வு எடுத்தார். கூட வேலை செய்தவர்களில் ஒருவருக்கும் அவர் யார் என்று தெரியாது. மூக்கைப் பார்த்துக் குத்துச்சண்டைக்காரர் என்று பேசிக்கொள்வார்களாம். அவர் செத்து அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அமெரிக்காவில் இருந்து ஃபிராங்கின் கடிதம் வந்தது. இங்கர் அதை எனக்கு வாசித்துக் காட்டினா. "முகாமை விட்டு வெளியே வந்தபிறகும் என்னை எல்லாரும் கண்ணாடிப் பாத்திரம்போலத்தான் தொட்டார்கள். உங்கள் தகப்பன்தான் என்னை ஒரு மனிதனாய் நினைத்து இடித்தார்" என்று அதில் இருந்தது.

ஆக்செலிலும் ஒரு குறை இருந்தது. இங்கரே சொன்னதுதான். நோகிறது என்று அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. வயதுபோனபிறகு இரண்டு முழங்காலும் தேய்ந்து, படியில் ஏறி இறங்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். பெண்சாதி கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். அவ கதவுக்குப் பின்னால் நின்று அவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் நோவை அறிவா. நீயும் அந்த இனம். முழங்கால் போன அன்றைக்கும் "ஒண்டுமில்லை" என்றுதான் அம்மாவுக்குச் சொன்னாய். ஆரணிக்கு அப்படிச் சொல்லாதே. நொந்தால் நோகுது என்று சொல். அவளைக் கதவுக்குப் பின்னால் நிற்க வைக்காதே. ஆனால் ஒன்றை அவரிடம் இருந்து எடுத்துக்கொள். தெருவில் நடக்கிறபோது ஆக்செல் எப்பவும் பெண்சாதியை வலப்பக்கம் விடுவார். வீதியைக் கடந்து திரும்பினால் இடம் மாறி மறுபடியும் அவவை வலப்பக்கம் எடுப்பார். கேட்கிற காது அந்தப் பக்கம் அல்லவா. நாற்பது வருடம் அப்படி நடந்தாராம். எல்லாருக்கும் ஒரு கேட்காத காது இருக்கிறது, மகன். என்னுடையதை நான் உன் பக்கம் வைத்திருந்தேன்.

அந்த மே மாதம் இங்கர் என்னிடம் கேட்டா, "உம்மடை மகன்ரை ஆட்டம் எப்ப?" எனக்குத் தெரியாதென்று சொல்ல வெட்கப்பட்டு அம்மாவிடம் கேட்டேன். வாற சனிக்கிழமை, வைலேயில். "என்னைக் கூட்டிக்கொண்டு போம்" என்றா இங்கர். இல்லத்தை நடத்துகிற பெரியவவிடம் அனுமதி எடுத்து, சக்கர நாற்காலியை மடித்துக் காரின் பின்னால் வைத்து, கம்பளி சுற்றி அவவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ நினைக்கக்கூடும், நான் உனக்காக வந்தேன் என்று. இல்லை. ஒரு வயதுபோன மனுசி கேட்டதுக்காக வந்தேன். உனக்காக வருகிற துணிவு எனக்கு அன்று இருக்கவில்லை.

மைதானத்து ஓரத்தில் நாற்காலியை நிறுத்தினேன். ஆட்டம் தொடங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்து எங்கேயோ போகிறது, எல்லாரும் விழுகிறார்கள், விசில் ஊதுகிறது. நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பந்தைத் தேடுகிறேன். இங்கர் என் கைச்சட்டையைப் பிடித்து இழுத்தா.

"பந்தைப் பாக்காதையும். உம்மடை மகனைப் பாரும்."

பார்த்தேன். நீ குனிந்து ஒரு கையை நிலத்தில் ஊன்றியிருந்தாய். உனக்கு முன்னால் உன்னைவிடப் பெரிய ஒருவன். பின்னால் குரல் கேட்டதும் அவன் பாய்ந்தான். நீ எழும்பி அவனை நெஞ்சில் வாங்கினாய். கால் பின்னால் சறுக்கியது, ஒரு அடி, இரண்டு அடி, அந்த வெட்டித் தைத்த முழங்கால். பிறகு நீ நின்றாய். உனக்குப் பின்னால் ஒரு மெல்லிய பெடியன், பந்தை எறிகிறவன், அவசரமே இல்லாமல் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தனக்கு ஒன்றும் நடக்காது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நீ நிற்கிறாய் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மைதானத்தில் ஆட்கள் கத்தினார்கள், எங்கேயோ யாரோ ஓடிப் புள்ளி எடுத்திருக்கவேண்டும். நான் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த அந்தப் பெரிய ஆளுக்கு நீ கை கொடுத்துத் தூக்கிவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கர் அழுதுகொண்டிருந்தா. நான் அழவில்லை என்று சொல்லமாட்டேன்.

ஆட்டம் முடிந்து நீ எங்களை நோக்கி வந்தாய். தலைக்கவசத்தைக் கழற்றி, முகமெல்லாம் சேறு. எப்பவும் எனக்கு டெனிஷில் பதில் சொல்கிற நீ, அன்றைக்குத் தமிழில், "அப்பா, நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?" என்று கேட்டாய். வழி முழுக்க யோசித்து வைத்த வசனம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "இல்லை" என்றாய். கிளப்பின் தாய்மார் சொசேஜ் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். போய் ஒரு தட்டு நிறைய வாங்கிக்கொண்டு வந்து உன் கையில் தந்தேன். முடிந்ததும் கேட்காமலே இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நீ சிரித்தாய். நீயும் அதை மறக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. இங்கர் உன் இடக்கையை எடுத்து ஒவ்வொரு விரலாய்த் தடவிப் பார்த்து, "சின்ன விரல் இன்னும் உடையேல்லையே, நீ இன்னும் பழக இருக்கு" என்றா.

அதுக்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். நீ மாதம் ஒருதரமாவது இங்கரைப் பார்க்க வருவாய். எனக்கு விளங்காத விஷயங்களை நீங்கள் இரண்டு பேரும் கதைப்பீர்கள். அவ மேசையில் தீப்பெட்டிக் குச்சியை அடுக்கி, தகப்பன் எப்படிக் காலை வைப்பார் என்று காட்டுவா. அவவைப் பார்த்துவிட்டு நீ எங்கள் வீட்டுக்கும் வருவாய், சாப்பிட்டுவிட்டுப் போவாய். மூன்று வருடம்.

அவ செத்தபோது சொந்தம் என்று வர ஒருவரும் இல்லை. அமெரிக்காவில் இருந்த சகோதரமுறையான ஒருவர் வயது போனவர், பயணம் செய்ய முடியாது. தேவாலயத்தில் இருந்து பெட்டியைத் தூக்கிக் குழிவரைக்கும் கொண்டுபோக ஆறு பேர் வேண்டும். கூலிக்கு ஆள் பிடிக்கலாம் என்றார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. உனக்குப் போன் எடுத்தேன். இரண்டு தரம்தான் நீ வாய் திறந்தாய். "எத்தினை பேர் வேணும்?" "ஆறு பேர்." "நாங்கள் அஞ்சு பேர் இருக்கிறம். நீங்கள் ஆறாவது."

வியாழக்கிழமை காலை உன் லைன் முழுவதும் கறுப்புச் சூட் போட்டுக்கொண்டு வந்து நின்றது. அந்தச் சூட்டுகள் ஒருவருக்கும் தோளில் அளவில்லை. பாதிரியார் உங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். முன்னுக்கு நீ, உனக்கு நேர் பின்னால் நான். வெளியே சரளைக்கல் பாதை ஈரமாய், ஆக்செலின் கல்லறைப் பக்கம் சரிவாய் இறங்கியது. பாதிவழியில், மூன்று வருடத்துக்கு மேலாய் நான் மேஸ் போட்டுவிட்ட கால்கள் உள்ளே இருக்கின்றன என்ற நினைப்பு வந்துவிட்டது. கைபிடி வழுக்கியது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. எப்படித் தெரிந்துகொண்டாயோ தெரியாது. மற்றவர்களுக்கு டெனிஷில் மெதுவாய் என்று ஒரு சொல் சொன்னாய். பிறகு எனக்கு மட்டும், தமிழில்:

"அப்பா, பாரத்தை எங்களிட்டை விடுங்கோ. நீங்கள் நடவுங்கோ, காணும்."

பெட்டி என் பக்கத்தில் இலேசாகியது. உன் முதுகை மட்டும் பார்த்தபடி நடந்தேன்.

பிந்தி வந்து பார்த்தாலும் வடிவாய்ப் பார்த்த,
உன் அப்பா